கம்மி முதலீட்டுல பிரஷர் வாஷ் தொழில்: மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது எல்லாம்

கையில ஒரு 40,000, 50,000 ரூபா இருக்கு, ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டி இருக்கு, வேலை செய்ய உடம்புல தெம்பு இருக்கு, இதை வச்சு வீடு வீடா போய் பிரஷர் வாஷ் (மெஷின்ல தண்ணியை வேகமா அடிச்சு தரை, சுவரை கழுவறது) பண்ற தொழில் ஆரம்பிக்க முடியுமான்னா, கண்டிப்பா முடியும். ஆனா நிறைய பேர் முதல்ல மெஷினை வாங்கிடறாங்க, அதுவும் ஆன்லைன்ல பெரிய நம்பர் போட்ட ஏதோ ஒண்ணு, அதுக்கப்புறம்தான் வேலை தேடறாங்க. மெஷின் காசு கொடுத்தா யாருக்கும் கிடைக்கும். எந்த தரை எவ்ளோ அடி தாங்கும், எந்த கறைக்கு வெறும் தண்ணி போதும், எதுக்கு மருந்து போடணும், எதை தொடவே கூடாதுன்னு தெரிஞ்ச ஆளைத்தான் அடுத்த வருஷமும் கூப்பிடுவாங்க. இந்த தொழில்ல காசு அங்கதான் இருக்கு. நான் கோயம்புத்தூர், திருப்பூர், பல்லடம் பக்கத்தை மனசுல வச்சு எழுதறேன், மத்த ஊர்ல ரேட்டும் தண்ணி நிலைமையும் மாறும், மத்தபடி இதேதான்.

முதல்ல எந்த வேலைன்னு முடிவு பண்ணுங்க

கார் வாஷ் கடை வேற, இது வேற. கடை போட்டா இடத்துக்கு அட்வான்ஸ், வாடகை, ரேம்ப், போர் தண்ணி, கழிவு தண்ணி போற வழின்னு லட்சக்கணக்குல போயிடும். கம்மி காசுல ஆரம்பிக்கறவங்க கஸ்டமர் இடத்துக்கே போய் செய்யற வேலையைத்தான் எடுக்கணும், ஏன்னா தண்ணியும் கரண்டும் அவங்களோடது.

என்னென்ன வேலை வரும்? மொட்டை மாடி பாசி, போர்டிகோ, வாசல்ல போட்ட பேவர் பிளாக், காம்பவுண்ட் சுவர், அபார்ட்மெண்ட் பார்க்கிங் ஆயில் கறை, ஒர்க்‌ஷாப் தரை. இது எல்லாருக்கும் தெரியும். ஆனா நிறைய பேர் யோசிக்காத ரெண்டு வேலை இருக்கு, என்னை கேட்டா அதுலதான் புது ஆள் தொடங்கணும்.

ஒண்ணு, பெயிண்டருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பண்றவங்களுக்கும் முன்வேலை. பழைய சுவர்ல பாசியும் சுண்ணாம்பு மாதிரி உதிர்ற பெயிண்டும் இருக்கும்போது அது மேலயே அடிச்சா புது பெயிண்ட் பிடிக்காது, ரெண்டு மழையில உரிஞ்சு வந்துடும். அதை கம்பி பிரஷ் வச்சு சுரண்டறதுக்கு பெயிண்டர் ரெண்டு ஆள் கூலி கொடுத்துட்டு இருப்பார். அதே வேலையை நீங்க அரை நாள்ல முடிச்சு கொடுத்தா அவருக்கும் லாபம், வேலையும் சுத்தம். ஒரு நல்ல பெயிண்டிங் கான்ட்ராக்டர் பழக்கம் ஆயிட்டார்னா மாசத்துக்கு பல சைட் அவரே கொண்டு வருவார், நீங்க விளம்பரத்துக்கு ஒரு ரூபா செலவு பண்ண வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் அவர்கிட்ட சொல்லிடுங்க: கழுவின சுவர் நல்லா காயணும், குறைஞ்சது ஒரு நாள் வெயில் விட்டுட்டு அப்புறம் பிரைமர் அடிக்கட்டும், மழைக்காலத்துல இன்னும் ஜாஸ்தி விடணும்.

ரெண்டாவது, கோழிப்பண்ணை. பல்லடம், நாமக்கல் பக்கம் இருக்கறவங்களுக்கு இது பெரிய வாய்ப்பு. பிராய்லர் பண்ணையில ஒரு பேட்ச் சுமார் 40, 45 நாள்ல முடியும், கோழி ஏத்தினதும் பழைய குப்பையை வாரிட்டு ஷெட்டை கழுவி மருந்து அடிச்சு காய விட்டுத்தான் அடுத்த குஞ்சு விடுவாங்க. அதாவது ஒரே கஸ்டமர் வருஷத்துக்கு அஞ்சாறு தடவை. நாத்தம் இருக்கும், மாஸ்க் இல்லாம போகக்கூடாது, ஆனா மொட்டை மாடி வேலை மாதிரி சீசனை நம்பி இருக்க வேண்டாம். ஒரு பண்ணையில போட்ட பூட்ஸையும் ஹோஸையும் கழுவி கிருமிநாசினி போடாம அடுத்த பண்ணைக்குள்ள கொண்டு போகாதீங்க, நோயை நீங்களே சுமந்துட்டு போற மாதிரி ஆயிடும், அப்புறம் அந்த ஏரியாலயே உங்களை உள்ள விட மாட்டாங்க.

வாங்கறதுக்கு முன்னாடி வாடகைக்கு எடுத்து பாருங்க

டூல்ஸ் வாடகைக்கு விடற கடை இப்போ எல்லா டவுன்லயும் இருக்கு. ஒரு நாள் வாடகைக்கு எடுத்து உங்க வீட்டு மாடி, மாமா வீட்டு வாசல், பக்கத்து வீட்டு காம்பவுண்ட் மூணையும் கழுவி பாருங்க. முதுகு தாங்குதா, எவ்ளோ நேரம் ஆகுது, எவ்ளோ தண்ணி போகுதுன்னு தெரிஞ்சிடும். கழுவறதுக்கு முன்னாடி ஒண்ணு, பாதி கழுவினப்போ ஒண்ணு, முடிச்சப்புறம் ஒண்ணுன்னு ஒரே இடத்துல நின்னு போட்டோ எடுத்துக்கோங்க. அந்த பாதி கழுவின போட்டோதான் பின்னாடி வாட்ஸ்அப்ல உங்களுக்கு வேலை பிடிச்சு கொடுக்கும்.

மெஷின்: பார் நம்பரை மட்டும் பாக்காதீங்க

மெஷின்ல ரெண்டு விஷயம் இருக்கு, தண்ணி எவ்ளோ வேகமா அடிக்குது, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வருது. முதல்ல சொன்னது பார், அல்லது பி.எஸ்.ஐ (1 பார்னா சுமார் 14.5 பி.எஸ்.ஐ). அழுக்கை தூக்கறது பிரஷர், தூக்கின அழுக்கை தள்ளிட்டு போறது லிட்டர். லிட்டர் கம்மியா இருந்தா ஒரே இடத்தை திரும்ப திரும்ப அடிச்சுட்டு இருப்பீங்க, பொழுது போயிடும்.

இப்போ ஒரு கணக்கு சொல்றேன், இது தெரிஞ்சா யாரும் உங்களை ஏமாத்த முடியாது. பாரையும் நிமிஷத்துக்கு வர்ற லிட்டரையும் பெருக்கி 600-ஆல வகுத்தா எத்தனை கிலோவாட் சக்தி வேணும்னு வரும். 100 பார், 8 லிட்டர்னா 800, அதை 600-ஆல வகுத்தா சுமார் 1.3 கிலோவாட், மோட்டார்லயும் பம்ப்லயும் வீணாகறதையும் சேர்த்தா ஒன்றரை கிலோவாட், அதாவது 2 ஹெச்.பி. சரியா வருது. ஆனா ஒரு பெட்டியில 1800 வாட்ஸ், 200 பார், 10 லிட்டர்னு போட்டிருந்தா? 2000-ஐ 600-ஆல வகுத்தா 3.3 கிலோவாட் வருது. 1800 வாட்ஸ் மோட்டார் அதை கொடுக்கவே முடியாது. அந்த நம்பர் எல்லாம் ஒரே நேரத்துல வர்ற நம்பர் இல்லை.

அடுத்து மோட்டார் வகை. வீட்டு உபயோகத்துக்கு 5,000, 8,000 ரூபாய்க்கு வர்ற சின்ன மெஷின்ல பெரும்பாலும் கார்பன் பிரஷ் மோட்டார்தான், சத்தம் ஜாஸ்தி, கொஞ்ச நேரம் ஓட்டினதும் ஆற விடணும்னு அவங்க புத்தகத்துலயே போட்டிருப்பாங்க. வாரம் ஒரு தடவை கார் கழுவ அது நல்ல மெஷின்தான், ஆனா தினம் நாலு மணி நேரம் ஓட்டற தொழிலுக்கு இல்லை. தொழிலுக்கு இண்டக்‌ஷன் மோட்டார் (கார்பன் பிரஷ் இல்லாதது), பித்தளை ஹெட் வச்ச மூணு பிளஞ்சர் (தண்ணியை தள்ளற தண்டு) பம்ப், 2 ஹெச்.பி., சிங்கிள் ஃபேஸ் பாருங்க. 1440 ஆர்.பி.எம்.ல ஓடற மாடல் கிடைச்சா வெயிட் ஜாஸ்தியா இருக்கும், ஆனா சத்தமும் தேய்மானமும் கம்மி. கம்பெனியை பொறுத்து 15,000-ல இருந்து 25,000 வரைக்கும் ஆகும். 3 ஹெச்.பி. ஆசையா இருக்கும், ஆனா வீட்டு 16 ஆம்ப் பிளக்ல ஸ்டார்ட் பண்ணும்போதே எம்.சி.பி. (லோடு ஏறினா தானே ஆஃப் ஆகற சுவிட்ச்) விழும், ஒவ்வொரு வீட்லயும் இந்த தொல்லை வரும்.

வாளியில இருந்தோ டிரம்ல இருந்தோ தானே தண்ணி உறிஞ்சுதான்னு கேட்டு ஓட்டி பாருங்க. நம்ம ஊர்ல மாடி டேப்ல பிரஷரே இருக்காது, உறிஞ்சாத மெஷினை வச்சுட்டு ஒண்ணும் பண்ண முடியாது. கோயம்புத்தூர்ல நஞ்சப்பா ரோடு பக்கம், சென்னையில பாரிமுனை பக்கம் கடைக்கு நேர்ல போய் ஓட விட்டு பார்த்து வாங்கறது நல்லது. வாங்கும்போதே சீல் கிட், ஓ ரிங் கிட் (பம்ப்ல தண்ணி கசியாம தடுக்கற வளையங்கள்) அவங்ககிட்ட ஸ்டாக் இருக்கான்னு கேளுங்க. ஸ்பேர் கிடைக்காத மெஷின் எவ்ளோ சீப்பா இருந்தாலும் வேண்டாம்.

மிச்ச சாமான்

மெஷினுக்கு 20,000 போச்சுன்னா, எக்ஸ்ட்ரா 20 மீட்டர் ஹை பிரஷர் ஹோஸ், நாலஞ்சு நாசில், தரைக்கு வட்டமா சுத்தற சர்ஃபேஸ் கிளீனர், 200 லிட்டர் டிரம், ஃபில்டர் வச்ச உறிஞ்சு பைப்பு, கம்பூட்ஸ், கண்ணாடி, ரப்பர் கையுறை, ஒரு புது ஸ்ப்ரேயர், கொஞ்சம் கெமிக்கல் இதெல்லாம் சேர்த்து இன்னொரு 12,000, 15,000 ஆகும். சர்ஃபேஸ் கிளீனர் ஆடம்பரம்னு விட்டுடாதீங்க. வெறும் கன் வச்சு தரை கழுவினா வெயில்ல காஞ்சதும் கோடு கோடா தெரியும், வேலை அரைகுறையா இருக்கற மாதிரி இருக்கும். ஆனா 2 ஹெச்.பி. மெஷினுக்கு 12 இன்ச்சுக்கு மேல பெரிசு வாங்காதீங்க, தண்ணி பத்தாம சுத்தாது.

வயர்ல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. 2.5 ஸ்கொயர் எம்.எம்., மூணு கோர், காப்பர், 30 மீட்டர், அதோட பிளக் பக்கமே 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே தானே ஆஃப் ஆகற சுவிட்ச்) வச்ச ஒரு பாக்ஸை எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி பண்ணிக்கோங்க. நீங்க தண்ணியில நின்னுட்டு கரண்ட் மெஷினை ஓட்டறீங்க, பழைய வீடுகள்ல எர்த்தே வேலை செய்யாது. அந்த பாக்ஸ் உங்க உயிரை காப்பாத்தும். மெல்லிசான வயர் போட்டா வோல்டேஜ் இறங்கி மோட்டாரும் சூடாகும்.

எல்லா காசையும் சாமான்லயே போட்டுடாதீங்க, ஒரு 8,000, 10,000 பெட்ரோலுக்கும் ஹெல்ப்பர் கூலிக்கும் ரிப்பேருக்கும் கையில நிக்கணும்.

எந்த தரைக்கு என்ன

இதை நல்லா படிங்க, பழைய வேலையாளுங்ககூட இதுல கோட்டை விடறாங்க.

நாசில் கலர் ஞாபகம் வச்சுக்கோங்க: சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்பு போட. சிவப்பை பெட்டியிலயே வச்சிடுங்க, வீட்டு வேலைக்கு அது தேவையே இல்லை, சிமெண்ட்லயே கோடு போட்டுடும். சிமெண்ட் தரைக்கு பச்சை, சுவருக்கு வெள்ளை. எந்த இடமா இருந்தாலும் முதல்ல ஓரமா கண்ணுக்கு தெரியாத இடத்துல ரெண்டு அடி தள்ளி அடிச்சு பாருங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வாங்க.

மொட்டை மாடியில தட்டு ஓடு பதிச்சிருந்தா முதல்ல ஓட்டுக்கு நடுவுல இருக்கற இணைப்பை பாருங்க. அது வெடிச்சு போயிருந்தா பிரஷர் தண்ணி உள்ள இறங்கி கீழ ரூம் சீலிங்ல ஈரம் காட்டும், பழி உங்க மேல வரும். அதனால கீழ ரூமுக்கு போய் சீலிங்கை போட்டோ எடுத்துட்டு, ஏற்கனவே ஈரம் இருந்தா வீட்டுக்காரர்கிட்ட காட்டிட்டு அப்புறம் ஆரம்பிங்க. செங்கலும் சுண்ணாம்பும் வச்சு போட்ட ரொம்ப பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுன்னா பிரஷரே வேண்டாம், பிரஷ் வச்சு தேய்ச்சு கழுவற வேலையா பேசுங்க.

பேவர் பிளாக் கழுவினா நடுவுல இருக்கற மண்ணு வெளிய வந்துடும். அதை அப்படியே விட்டுட்டு வந்தா கொஞ்ச நாள்ல கல்லு ஆட ஆரம்பிக்கும். காஞ்சப்புறம் நைசான மணல் தூவி பெருக்கி இடுக்குல நிரப்பி கொடுக்கணும், அதுக்கும் சேர்த்தே ரேட் சொல்லுங்க. இதை செய்யற ஆளுங்க கம்மி, அதனாலயே உங்க பேர் நிக்கும்.

மங்களூர் ஓட்டு கூரையில மேல இருந்து கீழ்நோக்கித்தான் அடிக்கணும், கீழ இருந்து மேல அடிச்சா ஓட்டுக்கு அடியில தண்ணி ஏறும். ஓடு உடையும்ங்கறதால மேல ஏறி நடக்கறதையும் தவிருங்க. ஆத்தங்குடி கல்லு, ரெட் ஆக்சைடு தரைக்கெல்லாம் பிரஷரும் வேண்டாம், ஆசிடும் வேண்டாம். மரக்கதவுல அடிச்சா நார் நாரா எழும்பும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல ஒருநாளும் அடிக்காதீங்க. பழைய ஷீட்ல பிரஷர் பட்டா நார் உதிர்ந்து தண்ணியோடயும் காத்தோடயும் பரவும், அது நுரையீரலுக்கு போனா வர்ற வியாதிக்கு வைத்தியம் இல்லை. கோழி ஷெட்லயும் கூரை இதுவா இருந்தா தரையும் பக்கச்சுவரும் மட்டும்தான்னு முன்னாடியே சொல்லிடுங்க.

சோலார் பேனல் கழுவற வேலை இப்போ நல்லா வருது, 2024-ல வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்துக்கு அப்புறம் வீட்டு கூரையில பேனல் போடறது ஜாஸ்தி ஆயிருக்கு. ஆனா அதுக்கு பிரஷர் கன் வேண்டாம், சாதா தண்ணியும் மெத்துன்னு நீள பிரஷ்ஷும் போதும். காலையில வெயில் ஏறறதுக்குள்ள முடிச்சிடணும், சூடான கண்ணாடியில குளிர்ந்த தண்ணி படக்கூடாது. உப்பு தண்ணின்னா வெள்ளை கறை படியும். இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணினாலும் வெயில் இருக்கற வரைக்கும் பேனல்ல கரண்ட் இருக்கும், வயரோ கனெக்டரோ உடைஞ்சிருந்தா தொடாம சொல்லிட்டு வந்துடுங்க.

மருந்து

பாசிக்கும் கறுப்பு படிவுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்தான் வேலை செய்யும், கெமிக்கல் கடையில 10 சதவீதம் அளவுல கேன்ல கிடைக்கும். ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணி கலந்தா 2 சதவீதம் வரும், பெரும்பாலான மாடிக்கு அது தாராளம். ஸ்ப்ரேயர்ல அடிச்சு பத்து பதினஞ்சு நிமிஷம் ஊற விட்டு, காயறதுக்குள்ள கழுவிடணும். மெஷின் வழியா விடாதீங்க, சீல் கெட்டு போகும். பக்கத்துல இருக்கற செடிக்கு முன்னாடியும் பின்னாடியும் நல்லா தண்ணி ஊத்துங்க. மருந்து போட்டு கழுவினா பாசி வேரோட போகும், வெறும் பிரஷர்ல கழுவினா அடுத்த மழைக்கே திரும்பி வரும்.

ஆயில் கறைக்கு டிகிரீசர் (எண்ணெய் பிசுக்கை எடுக்கற மருந்து), துரு கறைக்கு ஆக்சாலிக் ஆசிட். வீட்டுக்காரர் நல்ல மனசோட பாத்ரூம் ஆசிடை எடுத்துட்டு வந்து இதையும் ஊத்துங்கன்னு சொல்வார், ஒத்துக்காதீங்க. ஹைப்போகுளோரைட்டோ பிளீச்சிங் பவுடரோ ஆசிடோட சேர்ந்தா குளோரின் கேஸ் வரும், மூடின இடத்துல அது ஆளையே கொல்லும்.

உயிர் விஷயம்

பிரஷர் தண்ணி கையில பட்டா சின்ன ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும், வலிகூட முதல்ல தெரியாது. ஆனா தண்ணி தோலுக்கு உள்ள போயிருந்தா அது ஆபரேஷன் வரைக்கும் போற காயம். பேண்டேஜ் ஒட்டிட்டு வேலையை தொடராதீங்க, உடனே ஆஸ்பத்திரி போய் ஹை பிரஷர் தண்ணி உள்ள போயிடுச்சுன்னு சொல்லுங்க. வெறும் செருப்போட வேலை செய்யவே கூடாது. ஏணி மேல நின்னு கன் அடிக்காதீங்க, பின்னால தள்ளும், நீளமான லான்ஸ் (கன் முனையில மாட்டற குழாய்) வாங்கிக்கோங்க.

வாட்டர் டேங்க், சம்ப் வேலை கேப்பாங்க. குடிதண்ணி டேங்க்குக்கு தனி ஹோஸ், தனி பிரஷ் வைங்க. சம்ப்புக்குள்ள இறங்கறதுன்னா மூடியை ரொம்ப நேரம் திறந்து வச்சு, ஃபேன் வச்சு காத்து விட்டு, மேல ஒரு ஆள் கண்ணெடுக்காம பாத்துட்டு இருந்தா மட்டும். பெட்ரோல் மெஷினை சம்ப் வாய்கிட்ட ஓட்டக்கூடாது, அந்த புகை உள்ள இறங்கும். உள்ள இருக்கறவர் மயங்கினா காப்பாத்தறேன்னு இன்னொருத்தர் குதிக்கக்கூடாது, இறங்கும்போதே அவர் உடம்புல கட்டின கயிறை மேல இருந்து இழுக்கணும், 101-க்கு போன் போடணும்.

செப்டிக் டேங்க்கு எவ்ளோ காசு கொடுத்தாலும் வேண்டாம். 2013-ல வந்த சட்டப்படி பாதுகாப்பு இல்லாம ஆளை செப்டிக் டேங்க்லயோ சாக்கடையிலயோ இறக்கறது குற்றம், இறந்தவங்க குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்கணும்னு 2023-ல உச்ச நீதிமன்றம் சொல்லிருக்கு. அப்படி இருந்தும் இன்னைக்கும் ஆளுங்க சாகறாங்க. நம்ம தொழில் அது இல்லை. லாரி வச்சு உறிஞ்சறவங்களை கூப்பிட சொல்லிடுங்க, உங்க ஹெல்ப்பரையும் இறக்க விடாதீங்க.

ரேட் போடறது எப்படி

பக்கத்து ஊர்க்காரர் என்ன வாங்கறார்னு கேட்டு அதுல 50 பைசா குறைச்சு சொல்றது ரேட் இல்லை. உங்க செலவுல இருந்து வாங்க. உதாரணத்துக்கு 1,200 சதுர அடி மாடி, ரெண்டு பேர், அரை நாள். ஹெல்ப்பருக்கு 450, பெட்ரோல் 100, மருந்து 150, மெஷினும் ஹோஸும் தேயறதுக்கு 100, மொத்தம் 800. உங்க சொந்த கூலி 700 சேர்த்தா 1,500. இதுக்கு மேலதான் லாபம், ரிப்பேர், வேலை இல்லாத நாள் எல்லாம். அப்போ 2,400, அதாவது சதுர அடிக்கு 2 ரூபாய்ன்னு சொன்னா நியாயம். ரொம்ப பாசி, மூணாவது மாடி, தண்ணி தூரம்னா ஏத்தணும். சின்ன போர்டிகோ மட்டும்னு கூப்பிட்டா சதுர அடி கணக்கு பேசாதீங்க, குறைஞ்சபட்ச சார்ஜ் ஒண்ணு வச்சுக்கோங்க.

தண்ணி கணக்கையும் முன்கூட்டியே சொல்லிடுங்க. 8 லிட்டர் மெஷின் ஒரு மணி நேரத்துக்கு 480 லிட்டர் குடிக்கும், 1,000 லிட்டர் டேங்க் ரெண்டு மணி நேரம் வரும். 2019 கோடையில சென்னையில குடிக்கவே தண்ணி இல்லாம லாரிக்கு நின்னாங்க, அந்த மாதிரி நேரத்துல மாடி கழுவ யாரும் கூப்பிட மாட்டாங்க, கூப்பிட்டாலும் செய்யறது சரி இல்லை. அதனாலயும்தான் பண்ணை வேலையும் ஒர்க்‌ஷாப் வேலையும் கையில இருக்கணும்ங்கறேன்.

கஸ்டமரும் சீசனும்

நல்ல சீசன் ஆயுத பூஜைக்கு முன்னாடி (ஒர்க்‌ஷாப், லேத், மில்லு), தீபாவளிக்கு முன்னாடி, அப்புறம் பெரிய சீசன் டிசம்பர் கடைசியில இருந்து பொங்கல் வரைக்கும். மழை விட்டிருக்கும், மாடியெல்லாம் பாசி வழுக்கும், பொங்கலுக்கு எல்லாரும் வெள்ளை அடிப்பாங்க. அந்த மூணு வாரத்துக்கு நவம்பர்லயே அட்வான்ஸ் வாங்கி தேதி போட்டு வைங்க.

கூகுள்ல பிசினஸ் ப்ரொஃபைல் இலவசமா போடுங்க, வேலை முடிஞ்ச இடத்துலயே ரிவ்யூ கேளுங்க. ஒரு தெருவுல வேலை நடக்கும்போது பக்கத்து நாலு வீட்டுக்கு அன்னைக்கே செய்தா குறைச்சு தர்றேன்னு சொல்லுங்க, மெஷினை மறுபடி தூக்கிட்டு வர்ற செலவு மிச்சம். அபார்ட்மெண்ட் அசோசியேஷன் செக்ரட்டரியை பாத்து வருஷ கான்ட்ராக்ட் பேசுங்க, பணம் கொஞ்சம் லேட்டா வரும், ஆனா வரும்.

பேப்பர் வேலை

ரொம்ப இல்லை. உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் (சின்ன தொழில்களுக்கான அரசு பதிவு) ஆதார், பான் வச்சு அரசு சைட்ல இலவசமா பண்ணிக்கலாம், காசு கேக்கற சைட்னா வெளிய வந்துடுங்க. சர்வீஸ் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினாத்தான் ஜி.எஸ்.டி., ஆரம்பத்துல தேவைப்படாது. பணம் பத்தலைன்னா முத்ரா கடன்ல சிசு பிரிவுல 50,000 வரைக்கும் அடமானம் இல்லாம பேங்க்ல கேக்கலாம். உங்களுக்கும் ஹெல்ப்பருக்கும் வருஷம் 20 ரூபாய்க்கு பேங்க்ல இருக்கற பி.எம்.எஸ்.பி.ஒய். விபத்து காப்பீட்டை போட்டுடுங்க, விபத்துல உயிர் போனா 2 லட்சம் குடும்பத்துக்கு வரும்.

மெஷினை பாத்துக்கறது

தண்ணி இல்லாம ஒரு நிமிஷம்கூட ஓட விடாதீங்க, சீல் கருகிடும். டிரம்ல தண்ணி பாக்கறதுதான் ஹெல்ப்பரோட முதல் வேலை. புது பம்ப்ல 50 மணி நேரம் ஓடினதும் ஆயில் மாத்துங்க, அதுக்கப்புறம் புத்தகத்துல சொன்னபடி. ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா சீல் வழியா தண்ணி உள்ள போகுதுன்னு அர்த்தம், அன்னைக்கே நிறுத்திட்டு சீல் மாத்துங்க. திருப்பூர் பக்க போர் தண்ணியில உப்பு ஜாஸ்தி, அதனால வேலை முடிஞ்சதும் ரெண்டு வாளி நல்ல தண்ணி விட்டு ஓட்டிட்டு, ஆஃப் பண்ணி, கன் டிரிக்கரை அழுத்தி மிச்ச பிரஷரை வெளியேத்திட்டு வைங்க. நல்லா ஓடிட்டிருந்த மெஷின்ல பிரஷர் குறையற மாதிரி தெரிஞ்சா பம்பை பிரிக்கறதுக்கு முன்னாடி ஃபில்டரை கழுவி, ஒரு புது நாசில் மாட்டி பாருங்க. நாசில் ஓட்டை தேய்ஞ்சு பெரிசானாலே பிரஷர் விழும், நூறு இருநூறு ரூபாயில முடியற வேலைக்கு மெக்கானிக்கிட்ட ஆயிரக்கணக்குல கொடுக்க வேண்டாம்.